விளக்குக் கரடியும் நூற்று முப்பத்தேழு அடையாளங்களும்

ஆல்வின் போஸ்மா பிள்ளைகளுக்கான ஒரு கதைப் புத்தகத்துக்கு இருபத்தைந்து வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்படி யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறவரும் அவர்தான். "யாராவது கேட்டிருந்தா ரெண்டே நாள்ல சொல்லி முடிச்சிருப்பேன்" என்பார்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பக்கம், பெரிய ஏரியிலிருந்து பத்து மைல் தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் இதை யாரும் பெரிய குற்றமாக நினைக்க மாட்டார்கள். எங்கள் பாட்டன்மார் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தபோது சீர்திருத்த சபையையும் பெப்பர்மிண்ட் மிட்டாயையும் கொண்டுவந்தார்கள். எதையும் சும்மா ரசித்துவிட்டுப் போகக் கூடாது என்கிற புத்தியும் கூடவே வந்துவிட்டது. போதகர் பிரசங்கத்தை மூன்று பகுதியாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் பெஞ்சு பெஞ்சாக மிட்டாய்ச் சுருள் கைமாறும், ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் அடக்கிக்கொள்வோம். மூன்றாவது மிட்டாயும் கரைந்த பிறகும் போதகர் பேசிக்கொண்டிருந்தால் மூப்பர்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள்.

ஆல்வின் ஆபீஸ் நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் நூலகம் அவர் பொறுப்பு. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம், பழுப்பு நிறத்தில் சடைசடையாக ரோமம் தொங்கும் ஒரு கோட்டு. அந்தக் கோட்டை எரித்துவிடச் சொல்லி மனைவி ஹாரியட் கால் நூற்றாண்டாகப் போராடிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் எந்தத் திருகாணி எதற்கு என்று தெரிந்த மனிதர், கதையிலும் அப்படியே திருகாணி தேடினார். தேடினால் கிடைக்காமலா போகும்?

அந்தக் கதை 'விளக்குக் கரடி'. கனடாவில் நோவா ஸ்கோஷியாப் பக்கம், குளத்தங்கரை வீடொன்றில் தனியாக வாழ்ந்த மிஸ் ட்ரான்மர் என்ற அம்மையார் எழுதியது. அண்ணனும் தங்கையும் ஒரு பழைய பாலத்துக்கு அடியில் புகுந்து வேறொரு நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டு வாத்துகள் அவர்களைச் சதுப்பு நிலத்தின் வழியே கூட்டிப்போகின்றன. பசி தாங்காமல் பையன் சுரங்க முதலாளியின் ரொட்டியைத் திருடிவிடுகிறான். திருடினவன் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும், இறங்கினவன் திரும்புவதில்லை. அவனுக்குப் பதிலாகக் கையில் விளக்கோடு ஒரு கரடி இறங்குகிறது. மூன்றாம் நாள் காலையில் சங்கு ஊதுகிறது. கரடி மேலே வருகிறது, அதன் பின்னால் அதுவரை காணாமற்போனவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

கரடி யார் என்று எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆல்வின் அதோடு நிற்கவில்லை. ரொட்டி திருவிருந்து, சதுப்பு நிலம் செங்கடல், பாலம் ஞானஸ்நானம். பன்னிரண்டு வாத்தும் பன்னிரண்டு அப்போஸ்தலர், அதில் நொண்டுகிற வாத்து யூதாஸ். நாலாம் அதிகாரத்தில் நெல்லிக்காய் ஜாம் ஏன் வருகிறது என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினார். எல்லாமாக நூற்று முப்பத்தேழு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் வேத வசனம். சபையில் வருடத்துக்கு ஆறு வாரம் வகுப்பு நடத்தினார். நானும் போய் உட்கார்ந்து, நெல்லிக்காய் ஜாமுக்கு அடிக்கோடு போட்டவன்தான், அதனால் அவரைக் கேலி செய்ய எனக்கு அவ்வளவாக உரிமையில்லை.

அவருடைய முதல் வகுப்பில் ஒரே ஒரு மாணவி, அவருடைய மகள் ஜானெல். ஒன்பது வயது. 1981-ஆம் வருடம் குளிர்காலம். சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீடுகளில் வேதம் வாசிப்போம். வாசித்து ஜெபித்த பிறகு, ஜானெல் கேட்டாள் என்று, தினம் ஓர் அதிகாரம் கரடிக் கதையையும் ஆல்வின் வாசித்தார். அவள் நாற்காலியில் முட்டி போட்டு, மேசையில் முழங்கை ஊன்றி, வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். கரடி சுரங்கத்துக்குள் இறங்குகிற இடம் வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்ல தகப்பனாக இருந்தால் பேசாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். ஆல்வின் புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

கரடி யார் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வயதில் என் பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டாள் என்று உச்சி குளிர்ந்துபோய், அவள் வாயிலிருந்து அடுத்த சொல் வருவதற்குள் கரடி இயேசு என்று இவரே சொன்னார். சொல்லிவிட்டு ரொட்டி, வாத்து, பாலம் என்று முக்கால் மணி நேரம் அளந்தார். ஹாரியட் தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கியும் முடித்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு ஜானெல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப கரடின்னு ஒண்ணு இல்லவே இல்லியாப்பா?"

ஒரு விதத்தில் இல்லைதான் என்றார் ஆல்வின். அவள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எடுத்தபோது, எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வீட்டுப்பாடம் இருந்தது.

ஆல்வின் அதைக் கவனித்தாரா என்றால், இல்லை. அவர் அப்போது மிஸ் ட்ரான்மருக்கு முதல் எழுபது அடையாளங்களைப் பட்டியல் போட்டுக் கடிதம் எழுதுவதில் மூழ்கியிருந்தார். பதினோரு பக்கம். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது, ஓர் அஞ்சலட்டையில். அதைப் படித்தார், இன்னொரு தரம் படித்தார். பிறகு கனமான வேதாகமச் சொல் அகராதிக்குள், யாரும் புரட்டாத ஒரு பக்கத்தில் செருகிவைத்தார். பதில் வந்ததாக ஹாரியட்டிடம்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் யாராவது கேட்டால், எழுத்தாளர் தன் கடிதத்தை அன்போடு பெற்றுக்கொண்டார் என்பார். அது பொய்யில்லை.

ஜானெல் வளர்ந்து, மேற்குக் கோடியிலுள்ள ஓரிகனுக்குப் போய், அங்கே ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சபைக்குப் போவதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வருவாள், அம்மாவோடு பாதாம் பலகாரம் சுட்டுக்கொண்டே மணிக்கணக்கில் பேசுவாள். அப்பாவிடம் பனி எவ்வளவு விழுந்தது என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. அப்பா வாயைத் திறந்தால் அது பிரசங்கமாகிவிடும் என்று அவள் பயப்படுகிறாள் என்பது ஆல்வினுக்குத் தெரியும். அவருக்கும் அதே பயம்தான்.

2006 டிசம்பரில் 'விளக்குக் கரடி' படமாக வந்தது.

எங்கள் ஊரில் அது சாதாரண விஷயமில்லை. சினிமாவே பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆல்வினின் தாயார் கொட்டகை இருக்கிற தெருவில்கூட நடக்க மாட்டார், சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவார். இப்போது அதே சபை சனிக்கிழமை மதியக் காட்சியின் இருநூறு இருக்கைகளையும் மொத்தமாக வாங்கியது. எண்பத்தாறு வயது க்ளாசினா அம்மாள் மட்டும் சந்தேகம் கேட்டாள்: "படம் பாத்துக்கிட்டு இருக்கும்போது கர்த்தர் வந்துட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?" இளம் போதகர் டெரெக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படத்துல அவரே வர்றாரும்மா" என்றார். க்ளாசினா அம்மாள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

படம் முடிந்ததும் ஆல்வின் திரைக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று முடிவானது. அதோடு போதகருக்கு இன்னொரு யோசனை வந்தது. நூற்று முப்பத்தேழு அடையாளங்களையும் வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி கொடுப்பது. படத்தில் எது வருகிறதோ அதற்கு டிக் போட வேண்டும். இருட்டில் எழுதுவதற்கு முனையில் விளக்கு எரிகிற பேனாவும் உண்டு. ஆல்வின் அன்று நடக்கவில்லை, மிதந்தார்.

அந்த வருடம் ஜானெல் வியாழக்கிழமையே வந்துவிட்டாள். படத்துக்கு நானும் வருகிறேன் என்று அவளாகச் சொன்னதும் அடுப்படியில் ஹாரியட் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா ஒரு நிபந்தனை" என்றாள் ஜானெல். "படம் ஓடற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதுப்பா. காதுல கிசுகிசுக்கறது, முழங்கையால இடிக்கறது, ஒண்ணும் கூடாது."

"படம் முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் இருநூறு பேர் மாட்டிக்கிட்டாங்களே, அவங்ககிட்ட பேசிக்கோங்க."

ஹாரியட் பாத்திரத்தைக் கிளறியபடி, "ரெண்டு மணி நேரம் இவரு வாயை மூடிக்கிட்டு இருந்தா, செங்கடல் பிளந்ததெல்லாம் சின்ன விஷயம்" என்றாள்.

ஆல்வின் சம்மதித்தார். சனிக்கிழமை கோட்டுப் பையில் இரண்டு சுருள் பெப்பர்மிண்ட் போட்டுக்கொண்டார். சொல்ல வாய் வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து உள்ளே போட்டு அடைத்துவிடுவது என்று திட்டம். வாழ்க்கையில் தான் போட்ட திட்டங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று பின்னால் சொன்னார்.

பாலம் வந்தது, ஒரு மிட்டாய். வாத்துகள் வந்தன. திரையில் ஐந்தே வாத்து. ஏழு அப்போஸ்தலர்களைக் காணோம், அதிலும் நொண்டி வாத்து இல்லவே இல்லை. ஆல்வின் ஒரே சமயத்தில் இரண்டு மிட்டாய் போட வேண்டியிருந்தது. ஜாமுக்குப் பதில் ஏதோ சூப் குடித்தார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு சண்டை கால் மணி நேரம் நடந்தது. முதல் சுருள் தீர்ந்து நாக்கு மரத்துப்போய், கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் ஜானெல் திரும்பிப் பார்த்து, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, கையை நீட்டித் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

பிறகு கரடி விளக்கை எடுத்தது. சுரங்க வாயில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கியது. இசை நின்றுபோய் நடைச் சத்தம் மட்டும் கேட்டது. ஆல்வினுக்கு இந்த இடம் பட்டியலில் எண்பத்து நான்கு. எண்பத்து நான்கு மூன்றாம் தாளின் கடைசி வரி.

அந்த நொடியில் அரங்கம் முழுக்கச் சரசரவென்று ஒரு சத்தம் எழுந்தது. இருநூறு பேரும் டிக் போட்டுவிட்டுத் தாளைத் திருப்புகிறார்கள். ஆல்வின் தலையைத் திருப்பிப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னப் பேனா விளக்குகள், அவற்றுக்கு மேலே குனிந்த தலைகள். போதகர் குனிந்திருந்தார். ஹாரியட் குனிந்திருந்தாள். க்ளாசினா அம்மாள் தாளை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்துதான் இருந்தேன். அவ்வளவு பேருக்காகவும் சாகப் போகிற கரடியை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜானெல் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் தாள் இல்லை, கீழே விழுந்து கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயதில் அதே உதடு, அதே கடி. இந்தத் தடவை வாயில் மிட்டாய் இல்லை. இருந்தும் அவர் பேசவில்லை.

படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் போதகர் ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தார். ஆல்வின் அந்த ரோமக் கோட்டோடு திரைக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப் பையில் மூன்று பகுதியாக எழுதிய குறிப்பு இருந்தது. எடுக்கவில்லை. நாங்கள் மிட்டாய்ச் சுருளைப் பிரிக்கத் தொடங்கினோம், முதல் பகுதி வரப்போகிறதே.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் புத்தகம் எழுதின அம்மாவுக்கு நான் பதினோரு பக்கம் கடிதம் போட்டேன்" என்றார். "அவங்க பதில் போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் நான் அதை யார்கிட்டயும் காட்டல. மனப்பாடமா இருக்கு, சொல்றேன். 'அன்புள்ள திரு. போஸ்மா, உங்கள் பொறுமைக்கு நன்றி. வாத்து எங்கள் வீட்டு வாத்து. அதன் காலை நாய் கடித்துவிட்டது.'"

க்ளாசினா அம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாருமே. இருபத்தைந்து வருடம் யூதாஸை நொண்டிக்காலோடு நடத்திக் கூட்டிப்போனவர்கள் நாங்கள், சிரிக்காமல் என்ன செய்வது? ஆல்வினும் சிரித்தார், காது வரை சிவந்துபோய்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "'கரடியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால், நீங்கள் எதுவும் சொல்லாமல், கரடி யார் என்று அதனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.'" ஒலிபெருக்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க வீட்டுல ஒரு குழந்தை இருந்தது. கார்டு வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேன். அதுக்கப்புறமாவது கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்தது, கேக்கல. அந்த அம்மா செத்துப் பத்து வருஷமாச்சு. அவ்வளவுதான்."

போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் மிட்டாய் கரையாமல் இருக்கும்போதே பேச்சு முடிந்தது எங்கள் சபையின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. போதகர் டெரெக் என்ன செய்வதென்று தெரியாமல், சபை மண்டபத்தில் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் காப்பியும் தயாராக இருப்பதாக அறிவித்தார்.

வெளியே பனி கொட்டியிருந்தது. ஹாரியட் க்ளாசினா அம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்து வேறொரு காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆல்வின் தன் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினார். ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டதால் இடது கையில் டார்ச் வைத்திருந்தார். ஜானெல் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் பனி எவ்வளவு விழுந்தது என்றுகூடப் பேசவில்லை.

சுரண்டுவதை நிறுத்தாமல் ஆல்வின் கேட்டார். "ஜானெல், அன்னிக்கு நீ தெரியும்னு சொன்னியே. கரடி யாருன்னு நெனச்ச?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் இடையில் புகவில்லை. கை அதுபாட்டுக்குக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"நீங்கன்னு" என்றாள்.

கை நின்றது.

"விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போவீங்கல்ல. இதே கோட்டப் போட்டுக்கிட்டு, டார்ச் அடிச்சிக்கிட்டு, பனியில எறங்கிப் போவீங்க. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். அந்த வெளிச்சம் மூலை திரும்பற வரைக்கும் தெரியும், அதுக்கப்புறம் தெரியாது. ஒருவேள வராமப் போயிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு தினமும் பயமா இருக்கும். கதையில கரடி திரும்பி வந்துடும்னு நம்பித்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கரடியே இல்லைன்னுட்டீங்க."

ஆல்வின் காரின் மேல் சாய்ந்துகொண்டார். நூற்று முப்பத்தேழு அடையாளம் கண்டுபிடித்த கண்ணுக்கு, மேசைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்திருந்த ஒன்று தெரியவில்லை. அழுகை வந்தது, அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது வழக்கமான புத்திதான். "இதை நூத்தி முப்பத்தெட்டுன்னு சேத்துக்கட்டுமா?"

ஜானெல் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, இரண்டாவது சுருளில் மிச்சமிருந்த ஒரே மிட்டாயை எடுத்து, அவர் வாயில் போட்டாள்.

"பேசாம இருங்கப்பா" என்றாள். டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியில் இன்னும் பனி ஒட்டியிருந்த பக்கம் அடித்துக் காட்டினாள்.